கொசுவலை கட்டிக்கொண்டாயா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிறும் நீ பேசவில்லை, அதற்கு முந்தின ஞாயிறும் இல்லை. வேலை இருக்கும். குறை சொல்ல எழுதவில்லை. கடைசியாகப் பேசியபோது லேசாகக் காய்ச்சல் என்றாயே, அது விட்டதா? உன் இத்தாலி ஊர் மாந்துவாவுக்கு மூன்று பக்கமும் ஏரி என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அம்மா கேட்டது, "அப்போ கொசு இருக்குமே?" நான் சிரித்தேன். அப்புறம் ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

காரணம் நீ பொங்கலுக்கு வந்தபோது சொன்ன கதை. மாந்துவாவை ஆண்ட பிரபுவின் மனைவி இசபெல்லாவும் உர்பினோவில் இருந்த அவள் நாத்தனார் எலிசபெத்தாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள். 1493இல் மாந்துவா ஓவியர் மாந்தேன்யா வரைந்த தன் முகத்தில் கொஞ்சமும் சாயல் இல்லை என்று இசபெல்லாவே எழுதினாளாம். எவ்வளவு பெரிய கை! அவருக்கே அந்தக் கதி. அப்புறம் நாத்தனார் வீட்டு ஓவியர் ஜொவான்னி சாந்தி மாந்துவாவுக்கு வந்தார். வீட்டில் ஆட்டுக்கல்லை இரவல் கொடுப்போமே, அப்படி. கேட்கிறவளும் மரியாதை, கொடுக்கிறவளும் மரியாதை. நீ அந்த மரியாதையைத்தான் ரசித்துச் சொன்னாய்: ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை என்று.

எனக்கு மனதில் நின்றது வேறு. அந்த மனுஷர் மாந்துவாவில் காய்ச்சலில் விழுந்து, ஊர் திரும்பி, 1494 ஆகஸ்ட் 1ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். நாத்தனார் அதையும் ஒரு கடிதமாக எழுதினாள். அப்புறம் அக்டோபரில் இன்னொன்று, நோயினால் முடியாமல் போன படங்களைப் பற்றி. பையனுக்குப் பதினொரு வயது. தாயும் 1491இலேயே இல்லை. அந்தப் பையன்தான் பின்னால் பெரிய ஓவியரான ரஃபேல் என்று நீ கடைசியில், வெடி போடுகிற மாதிரி சொன்னாய். எனக்கு ரஃபேல் வேண்டாம் பாப்பா. அப்பா வருவார் என்று ஒரு பையன் காத்திருந்திருப்பானே, அதுதான் தெரிந்தது. வந்தார், காய்ச்சலோடு.

அதனால்தான் சொல்கிறேன், கொசுவலை கட்டிக்கொள். இந்தக் காலத்து மருந்து வேறு என்பாய். சரி, வேறுதான். இருந்தாலும் கட்டிக்கொள்.

உன் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து பிரஸ்ஸில் எல்லோருக்கும் காட்டினேன். ஒரு வரி புரியாது, ஆனாலும் உன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டத் தெரிந்தது. முதலாளி மகன் எழுந்து நின்று பார்த்தான். இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றிருந்தேன். நீதான் எடுக்கவில்லை.

ஏப்ரலோடு முடிய வேண்டிய வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பேராசிரியர் விடமாட்டேன் என்கிறாராம். உன் கதையிலேயே இன்னொன்று வரும், ஞாபகம் இருக்கிறதா? 1488இல் போப் இன்னொசெந்து கேட்டார் என்று மாந்தேன்யாவை ரோமுக்கு அனுப்பினார் பிரான்செஸ்கோ, பின்னால் இசபெல்லாவைக் கட்டிய பிரபு. இரண்டு வருடம் ஆனது. 1490 பிப்ரவரியில் தன் கல்யாணத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டும் ஆள் வரவில்லை, உடம்பு சரியில்லை. நிஜமாகவே சரியில்லைதான், நான் சந்தேகப்படவில்லை. ரோமிலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்றில், மாந்துவாவில் தன் சீசர் ஊர்வலப் படங்கள் இருக்கும் இடத்தில் ஜன்னலைச் சரிசெய்யச் சொல்கிறாரே, கெட்டுப்போய்விடக்கூடாது என்று. அதைக் கேட்டு நீ "பாவம்ப்பா" என்றாய். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். கவனித்தாயோ இல்லையோ.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது நானும் அப்படித்தான் போனேன். முதலாளியின் சிநேகிதர் ஐதராபாத்தில் புது மெஷின் போட்டார். "உங்க டச்சப் ஆளை மூணு மாசம் அனுப்பி வையுங்க" என்றார், இவரும் "அதுக்கென்ன, நம்ம பிரஸ்தானே" என்றார். மூன்று மாதம் இரண்டரை வருடம் ஆனது. முதலாளி விடவில்லை, முதலாளி விடவில்லை என்றே உங்கள் எல்லோருக்கும் எழுதினேன்.

முதலாளி இரண்டு தடவை திரும்பி வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வேலை முடியவில்லை என்று சொன்னது நான். ஆச்சி படுக்கையில் கிடந்த வருடம் அது. அங்கே எனக்குத் தனி ரூம், காலையில் எழுந்தால் கேட்க ஆளில்லை. அம்மா ஒருத்தியே ஆச்சியைத் தூக்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதங்களை அம்மா இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். போன மாதம் எடுத்துப் பார்த்தேன். என் பிரஷ்களை யாரும் தொடக்கூடாது என்று நாலு கடிதத்தில் எழுதியிருக்கிறேன். உனக்குக் கண்ணாடி போட்டதைப் பற்றி ஒன்றில்கூடக் கேட்கவில்லை.

நீட்டிக்கச் சொன்னது பேராசிரியரா, நீயா? பதில் எழுத வேண்டியதில்லை.

பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் அனுப்பியிருக்கிறோம். காய்ச்சல் விட்டதா என்று மட்டும் ஒரு வரி போடு. கொசுவலை அந்த ஊரில் கிடைக்காவிட்டால் இங்கிருந்து அனுப்புகிறேன், ஜன்னல் அளவு சொல்.

அம்மாவுக்கு ஐதராபாத் கதை பழைய மாதிரியேதான் தெரியும். போனில் உளறிவிடாதே.

அப்பா