கிளிநொச்சியிலிருந்து வதனிக்கு

அன்பின் வதனி,

நாங்கள் நலம். நீயும் பிள்ளைகளும் நலந்தானே? பெரியக்கா இன்னமும் உன்னுடைய மீன்குழம்பைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. அது கிடக்கட்டும்.

குகனுக்கு வருத்தம். முதலில் சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை என்றான். பிறகு மண்வெட்டி கையில் நிற்கவில்லை. இந்தமுறை காலபோக விதைப்பை மஞ்சுவும் சின்னவனும்தான் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஏ.எல்.எஸ். என்று துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது என்ன நோய் என்று இருத்திவைத்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. துண்டோடு நேரே என்னிடம் வந்தான். "நீதானே உயிரியல் படிப்பிக்கிறாய், சொல்லு" என்றான்.

அன்றிலிருந்து வாசிக்கிறேன். தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய் இது. வாசித்து வாசித்து வந்து நின்ற இடம் மதுவம், அதுதான் ஈஸ்ட்! உயர்தர வகுப்பில் கள்ளுத் துளியை நுணுக்குக்காட்டியில் வைத்து அரும்பு விடுவதைக் காட்டுகிறேனே, அதே மதுவம்தான். நீ கடிதத்தின் நடுவை விட்டுவிட்டுக் கடைசிப் பந்திக்குத் தாவுகிற ஆள். இந்தமுறை தாவாதே, எடி.

இந்த நோயாளிகளில் அநேகமாக எல்லோருடைய நரம்புக் கலங்களிலும் ஒரே புரதம் திரண்டு கிடக்கிறது. பெயர் டி.டி.பி-43. திரண்டு கிடப்பது இதுதான் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். பரம்பரையலகின் (ஜீனின்) செய்தியைக் காவும் ஆர்.என்.ஏ.யைப் பிடித்துக் கையாளும் புரதம் அது. கலத்தின் கருவுக்குள் இருக்க வேண்டியது, வெளியே கருவைச் சுற்றியுள்ள குழியவுருவுக்கு வந்து கட்டிபடுகிறது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மனிதனுடைய பரம்பரையலகை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆரன் கிட்லரின் ஆய்வுகூடத்தில் மதுவத்துக்குள் வைத்தார்கள். கலக்டோசு கொடுத்தால்தான் அது வேலை செய்யும். பத்துப் பத்து மடங்காக ஐதாக்கிய துளிகளைத் தட்டில் வரிசையாக வைப்பார்கள். குளுக்கோசுத் தட்டில் வரிசை நெடுக வெள்ளைப் பொட்டுகள். கலக்டோசுத் தட்டில் தொடக்கத்தில் ஏதோ கொஞ்சம், மிச்சம் வெறுந்தட்டு. கலங்கள் செத்துவிட்டன.

அப்புறம் மதுவத்தின் சொந்தப் பரம்பரையலகுகளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக மிகையாக இயக்கிப் பார்த்தார்கள். பிபிபி-1 அகப்பட்டது. அதைக் கூட்டினால் சாவு கூடுகிறது. அடியோடு நீக்கினாலோ, வெறுமையாய்க் கிடந்த வரிசையில் பொட்டுகள் திரும்பவும் முளைக்கின்றன! அந்தப் படத்தை எத்தனை தரம் பெரிதாக்கிப் பார்த்தேனோ தெரியாது. இன்னொன்று கேள். ஆர்.என்.ஏ.யின் வாலைப் பிடித்திருக்கும் பாப்-1 என்ற புரதம் இல்லாவிட்டால் மதுவம் பிழைக்காது. ஆனால் பிபிபி-1ஐயும் சேர்த்து நீக்கினால் பிழைத்துக்கொள்ளும். இது 1998இலேயே தெரிந்த விடயம். அந்த வேலை இப்படி ஒரு நோயில் வந்து உதவுமென்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்? எங்கள் பிள்ளைகள் என்றால் மதுவத்துக்குப் பாணும் கள்ளும் என்று எழுதிப் புள்ளி வாங்குவதோடு சரி. பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு பக்கம் இல்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பிபிபி-1க்கு மனிதரில் உள்ள உறவு அற்றாக்சின்-2 என்ற புரதம். அதில் குளூட்டமைன் என்ற அமினோவமிலம் வரிசையாக வரும், பெரும்பாலானோருக்கு 22. 2010இல் நோயாளிகளின் டி.என்.ஏ.யைப் பார்த்தபோது அந்த வரிசை 27 முதல் 33 வரை நீண்டிருந்தவர்கள் 4.7 வீதம். நோயில்லாதவர்களில் 1.4 வீதம். மதுவத்தட்டு காட்டிய வழியிலேயே மனிதரிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள், வதனி. 2017இல் டி.டி.பி-43 கூடிய எலிகளில் அற்றாக்சின்-2ஐக் குறைத்தார்கள், அவை கூடுதல் காலம் வாழ்ந்தன.

இதெல்லாம் குகனுக்குச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவன், "அப்ப மருந்து?" என்றான். அற்றாக்சின்-2ஐக் குறைக்கும் மருந்தை மனிதரில் சோதித்தார்கள். புரதம் குறைந்தது, நோயில் பயன் தெரியவில்லை. 2024இல் நிறுத்திவிட்டார்கள். அதையும் சொன்னேன். மஞ்சு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அவன் மட்டும், "மதுவத்தில் இன்னும் எத்தனை பரம்பரையலகு பார்க்கக் கிடக்கு?" என்று கேட்டான். எங்கள் குகன்தானே, வேறென்ன கேட்பான்?

சரி, உனக்கு ஒரு வேலை. ஸ்காபரோவில் உனக்குத் தெரிந்த நரம்பியல் ஆட்கள் யாராவது இருந்தால், கைக்குச் செய்யக்கூடிய பயிற்சி, விழுங்குவதில் கவனிக்க வேண்டியது, மூச்சுக்கு என்ன ஆயத்தம் என்று விவரமாகக் கேட்டு எழுது. தமிழிலேயே எழுது, மஞ்சு வாசிக்க வேண்டும். குகனுக்கும் ஒருக்கால் எடு. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு எடு, மத்தியானத்தில் அவன் களைத்துப் போகிறான்.

அன்புடன்,
சாந்தி