எடையைப் பதிகிறோம், பார்ப்பது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகனுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது, இதயத்தில் இருந்த ஓட்டையை அடைக்கச் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே எல்லாம் முடிந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. குறை அதற்கு அப்புறம்தான். அன்று அவன் எடை 6 கிலோ 800 கிராம். பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து, பாதியில் களைத்துத் தூங்கிவிடும் பிள்ளைக்கு எடை எங்கிருந்து ஏறும்? டிஸ்சார்ஜ் அன்று இங்கிலீஷில் ஒரு தாளைக் கொடுத்து, போனில் ஒரு ஆப்பையும் ஏற்றிவிட்டு, சாப்பிடுவதையெல்லாம் இதில் போட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

போட்டேன். அதற்கு ஓட்ஸ் தெரிகிறது, புரோக்கோலி தெரிகிறது, கேழ்வரகுக் கூழும் அங்கன்வாடி சத்துமாவும் தெரியவில்லை. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மணிக்கொரு தரம் 'குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தீர்களா?' என்று மணியடித்ததே, அதுதான் பயமாகிவிட்டது. நீர் பிரிய மருந்து கொடுத்து, பால், கஞ்சி, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இத்தனை மில்லிதான் என்று டாக்டர் அளந்து சொல்லியிருந்த பிள்ளை அவன். என் மாமியாரோ, "போனே சொல்லுது, குடேன்" என்கிறார்!

இன்னொரு பக்கம் சொந்தக்காரர்கள். ஆபரேஷன் ஆன உடம்புக்கு நெய், எண்ணெய் ஆகாது என்றதால் மூன்று வாரம் பருப்புத் தண்ணீரும் கஞ்சியும்தான் கொடுத்தேன். ஏறியது 50 கிராம். செக்கப்புக்குப் போனபோது உணவியல் நிபுணர் தலையில் அடித்துக்கொண்டார். பெரியவர்களின் மாரடைப்பு வேறு, இது வேறு. சாதாரணக் குழந்தைக்குக் கிலோவுக்கு 80 முதல் 100 கலோரி போதும் என்றால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 120, 150 வரைகூடத் தேவைப்படும், குடிப்பதைக் கூட்ட முடியாது, அதனால் கூழைக் கெட்டியாக்கி ஒவ்வொரு வேளையும் ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விடுங்கள் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சுக்குள் கொழுப்பு கலந்த நீர் கசியும் சில குழந்தைகளுக்கு மட்டும் சில வாரம் கொழுப்பை நிறுத்த வேண்டுமாம். பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிற இந்தக் கணக்கை எல்லோருக்கும் ஒரே மணியடிக்கும் ஆப் எப்படிப் போடும்?

அவர் தன் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தார். திங்கள்தோறும் எடையும், கிண்ணத்தின் போட்டோவும் அனுப்புவேன். "இன்னும் கெட்டியா", "முட்டை மஞ்சள் கரு சேருங்க" என்று ஒரு வரியில் பதில் வரும். எழுதத் தோதில்லாத நாளில் வாய்ஸ் மெசேஜ். அதற்கப்புறம்தான் எடை ஏறியது. ஆனால் அது அவருடைய நல்ல மனசு, ஏற்பாடு ஒன்றும் இல்லை.

ஆப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழில், நம் சாப்பாட்டோடு, தண்ணீர் அளவை அந்தந்தக் குழந்தைக்கு டாக்டரே குறித்துத் தருகிற மாதிரி வரட்டும். பதிகிற எடையை மறுமுனையில் ஒருவர் பார்க்கட்டும். புதிதாகச் செய்யக்கூடத் தேவையில்லை. அங்கன்வாடியில் 2021 முதல் போஷன் டிராக்கர் என்ற மத்திய அரசு ஆப் இருக்கிறது, மாதாமாதம் எடை பார்த்து ஏற்றுகிறார்கள். ஆபரேஷன் ஆன பிள்ளைகளின் எடையை மட்டுமாவது அந்தந்த மருத்துவமனைக்குப் போகச் செய்யக் கூடாதா?

போன மாதம் எடை போட்ட டீச்சரிடமே கேட்டேன், இது ஆபரேஷன் பண்ணின டாக்டருக்குப் போகுமா என்று. "எனக்குத் தெரிஞ்சு டெல்லிக்குப் போகும்மா" என்று சிரித்தார்.

– ஒரு வாசகி, திண்டிவனம்