கடலட்டைக்கு விற்றமின் தூள்: எங்கே பயன், எங்கே வீண்

ஆசிரியர் அவர்கட்கு,

வடக்கில் கரையோரக் கடலில் வேலி அடைப்புக்குள் வளரும் வெள்ளை அட்டை என்ற கடலட்டை வகை பருக்கவில்லை என்றதும் ‘சத்துக் குறைவு’ என்று முடிவு கட்டி, இறாலுக்கான கனியுப்பு, விற்றமின் கலவையைத் தேடுவது வீண்செலவு. உவர் குறைந்த குளங்களில் பொற்றாசியமும் மக்னீசியமும் போதாமையால்தான் இறாலுக்கு அது தேவைப்படுகிறது. கடல்நீரிலோ லீற்றருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியம், 1,300 மில்லிகிராம் மக்னீசியம், 390 மில்லிகிராம் பொற்றாசியம் ஏற்கெனவே உண்டு. அடைப்புக்குள் வீசும் தூளை வற்றுநீர் இழுத்துக்கொண்டு போய்விடும்.

வளர்ச்சி நிற்பதற்குப் பெரும்பாலும் நெரிசலே காரணம். அட்டை தின்பது சேற்றுமணலில் படியும் அழுகலையும் நுண்பாசியையும். சதுர மீற்றருக்கு 200 கிராம் எடையைத் தாண்டினால் அந்தத் தீனி பங்கிடப் போதாது. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீற்றர். அதாவது 800 கிலோ. 400 கிராம் அட்டையென்றால் ஏறக்குறைய 2,000 மட்டுமே. குஞ்சு விடும்போது இடம் தாராளமாகத்தான் தெரியும். ஆறேழு மாதம் போனபின் மாதமொருமுறை 30 அட்டையை நிறுத்துப் பாருங்கள். சராசரி எடை ஏறாவிட்டால் பெரியவற்றைப் பிடித்துவிடுங்கள், அல்லது பிரித்து விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் வெளிறிப் புண்படுவதையும் விற்றமின் குறைவென்று எண்ணக் கூடாது. முதலில் அடிநீரின் உவரை அளக்க வேண்டும். ஆயிரம் பங்கு நீருக்கு உப்பு 20 பங்குக்குக் கீழே சில நாள் நின்றாலே அட்டை தாங்காது. வாய்க்கால் வந்து விழும் கரையோரத்தில் அடைப்புக் கட்டியிருந்தால், மாரிக்கு முன்னரே விற்பனைப் பருவத்து அட்டையை எடுத்துவிடுவதுதான் வழி.

கலவைக்குப் பயன் உண்டென்றால் அது குஞ்சு வளர்க்கும் தொட்டியில்தான். அங்கே குஞ்சு நாம் கொடுப்பதை மட்டுமே தின்கிறது. கடற்பாசித் தூளை 100 மைக்ரோன் (மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று) கண்ணுள்ள வலையில் சலித்து, கழுவிய மென்சேற்றுடன் குழைக்கவும். விற்றமின் கலவை கிலோ தீனிக்கு 10 கிராமுக்கு மேல் வேண்டாம். சூடான தீனியில் கலந்தால் விற்றமின் சி அழிந்துவிடும். ஆறியபின் நிழலில் கலக்கவும். சாதாரண விற்றமின் சி தண்ணீரில் விரைவில் கரைந்து போகும், பொஸ்பேற்றுடன் பிணைத்த வடிவமே நிற்கும். குஞ்சுகள் மணலுக்குள்ளிருந்து மேலே வந்து மேய்வது பொழுதுபட்ட பிறகு. ஆகவே தீனியும் அப்போதுதான். மொத்த உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கில் தொடங்குங்கள். காலையில் மிச்சம் கிடந்தால் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அன்றைய அளவைப் பாதியாக்குங்கள். விட்டுவைத்தால் அடிமணல் கறுத்து, அழுகிய முட்டை மணம் வரும். ஒட்சிசன் குறைந்து குஞ்சுகள் சுவரில் ஏறும்.

பொதியில் செம்பின் அளவைக் கட்டாயம் பாருங்கள். முதுகெலும்பற்ற உயிர்களுக்குச் சற்றே கூடிய செம்பும் நஞ்சு. அளவு அச்சிடப்படாத பொதியைத் தொட்டியருகே கொண்டுபோகவே வேண்டாம்.

கடலட்டை வளர்ப்பாளர்,
பூநகரி