ஈலிங் இசைக்குழுவின் இறுவட்டு: பெயரை மட்டும் சொன்னால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்குகிறது. லண்டனில் இருந்து வருகிறவர்கள் பெட்டி கட்டும் காலம். இங்கே ட்ரம்ஸும் பேஸ் கிற்றாரும் பழகும் பிள்ளைகள் அவர்களிடம் அசிட் ஜாஸ் (ஜாஸும் ஃபங்கும் கலந்த ஆட்ட இசை) இறுவட்டுக் கேட்பதென்றால், 'பிராண்ட் நியூ ஹெவீஸ்' குழுவில் தொடங்கட்டும். கனகதுர்க்கை அம்மன் கோயிலால் எங்கள் சனத்துக்குப் பழக்கமான அதே ஈலிங்தான் இந்தக் குழுவின் ஊர். ஆனால் குழுவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டால் கேட்டது ஒன்றும் வந்தது ஒன்றுமாகிவிடும்.

சிக்கல் முதல் தொகுப்பிலேயே இருக்கிறது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அதை 1990 இல் அந்த இசையின் பெயரையே தாங்கிய லண்டனின் 'அசிட் ஜாஸ்' இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. பெரும்பகுதி வாத்திய இசை. பாட்டு வரும் இடங்களில் குரல் ஜே எலா ரூத். பிறகு அமெரிக்காவின் டெலிஷஸ் வைனல் நிறுவனம் என்டியா டேவன்போர்ட்டைப் பாட வைத்து அதையே மாற்றி வெளியிட்டது. தலைப்பு மாறவில்லை. வாங்குகிறவர் பின்னட்டைப் பாட்டுப் பட்டியலைப் பார்த்தால் போதும்: 'நெவர் ஸ்ரொப்' இருந்தால் அது டேவன்போர்ட் பாடிய பதிப்பு, முதற்பதிப்பில் அந்தப் பாட்டு இல்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டேவன்போர்ட் பதிப்பையே வாங்குங்கள். 'ட்ரீம் கம் ட்ரூ' இரண்டிலும் உண்டு. ஒரே மெட்டை இரு குரல்களில் அடுத்தடுத்துக் கேட்பது பாடகர்களுக்கு நல்ல பாடம்.

ட்ரம்ஸ் பழகுகிறவருக்கு முதலில் வாங்க வேண்டியது 1992 இல் வந்த 'ஹெவி ரைம் எக்ஸ்பீரியன்ஸ்'. பத்துப் பாட்டு, காங் ஸ்ரார், ஃபார்சைட் என்று ராப் கலைஞர்கள் மாறிமாறி வருகிறார்கள். அந்நாளில் ராப் பாடல்களுக்குப் பழைய இசைத்தட்டுகளில் இருந்து துண்டெடுத்து ஒட்டுவதே வழக்கம். இங்கே குழு நேரடியாக வாசிக்கிறது. குழுவின் ட்ரம்ஸ் வாசிப்பவர் ஜான் கின்கெய்டின் தட்டைச் சதுஸ்ர நடையாக எண்ணுங்கள்: நான்கு அடி, அடிக்கு நான்கு, மொத்தம் பதினாறு. இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஸ்னேர் (அடியில் கம்பி அதிரும் சின்ன ட்ரம்) உரத்து விழும். இடையில் குச்சி தோலைத் தொட்டும் தொடாமலும் மெல்லிய தட்டுகள் வரும். தாளத்தை ஓட்டுவது அவைதான். எங்கள் பிள்ளைகள் பிழைவிடுவதும் அங்கேதான். பதினாறையும் ஒரே பலத்தில் அடித்தால் வேகம் இருக்கும், ஆட்டம் இராது. முக்கால் வேகத்தில் ஓடவிட்டுப் பழகுவது நல்லது.

பாட்டுக்காகக் கேட்பவருக்கு 1994 இன் 'பிரதர் சிஸ்ரர்'. எங்கள் கணிப்பில் குழுவின் உச்சம் அதுதான். 1997 இன் 'ஷெல்ட்டர்' தொகுப்பில் பாடுபவர் சீடா கரெற், மைக்கல் ஜக்சனோடு இணைந்து பாடியவர்; இசை மெருகேறியிருக்கிறது, முரட்டுத்தனம் குறைந்திருக்கிறது. டேவன்போர்ட் திரும்பி வந்தது 2006 இன் 'கெற் யூஸ்ட் ரு இற்' தொகுப்பில். அதைப் பிறகு வாங்கலாம்.

எதை வாங்கினாலும் கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ். அந்தச் சின்ன ஒலிபெருக்கியால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. குழுவின் பேஸ் வாசிப்பவர் அன்ட்ரூ லெவி வாசித்ததில் பாதி காதுக்கு வராது. ஹெட்போன் போதும். பேஸைக் கூட்டும் பொத்தானையும் தொடவேண்டாம். கூட்டினால் பெரிய ட்ரமும் பேஸும் ஒன்றாகக் குழைந்து, எது எங்கே தொடங்குகிறது என்பதே பிரியாது.

லண்டனில் பழைய பொருட்கள் விற்கும் சரிற்றிக் கடைகளில் வாங்குகிறவர்கள் இறுவட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளை போல ஒளி தெரிந்தால் உலோகப் படலம் கெட்டுவிட்டது, விட்டுவிடுங்கள். மேலோட்டமான கீறல் பெரும்பாலும் தொந்தரவு தராது. துடைப்பதென்றால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. பிளாஸ்ரிக் பெட்டி பயணத்தில் உடையும். வட்டைக் கடதாசி உறையில் போட்டு, அட்டைகளைத் தனியே வைத்துக் கொண்டுவந்தால் இடமும் மிச்சம்.

பெரிய இசைத்தட்டு என்றால் தட்டை உள்ளுறையோடு அட்டைக்கு வெளியே எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வையுங்கள். அட்டைக்குள்ளேயே விட்டால் பெட்டி குலுங்கும்போது தட்டின் விளிம்பு அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். வந்து சேர்ந்ததும் நிழலில் நிமிர்த்தி வையுங்கள். கட்டுநாயக்காவில் இருந்து வரும் வழியில் வெயிலில் நிற்கும் வான் வண்டிக்குள் விட்டால் தட்டு வளைந்துபோகும், பிறகு நிமிர்த்துவது கடினம்.

இசை வாசகர்கள்,
கோண்டாவில்