ஊரடங்கு வந்தால் எலிக்குத் தண்ணீர் வைப்பது யார்?

குமரி மாவட்ட மருத்துவ, மருந்தியல் கல்லூரிகளின் விலங்கு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 அமலானது. எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவில் நாடே அடைபட்டது. ஆய்வை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக நம்மால் முடிந்தது. கூண்டில் இருந்த ஆய்வு விலங்குகளுக்குப் போக இடமில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஓர் ஆய்வுக்கு அனுமதி தரும்போதே, பெருந்தொற்றோ புயலோ வந்து வழி அடைபட்டால் அந்த விலங்குகளை யார் பார்ப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். பெயர் எழுதாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

எத்தனை எலி, என்ன மருந்து, வலி குறைக்க என்ன ஏற்பாடு, கடைசியில் எப்படிக் கருணைக்கொலை என்பதையெல்லாம் நுணுக்கி நுணுக்கிக் கேட்கிறோம். தினசரிப் பராமரிப்பு என்று வந்தால் "வசதி உண்டு" என்ற ஒரு வரியோடு திருப்திப்படுகிறோம்.

அந்த வசதி என்பது என்ன? கூண்டின் மேல் கவிழ்ந்திருக்கும் தண்ணீர் புட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நுனிக்குழாயில் ஏதாவது அடைத்துக்கொண்டால், புட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் எலி தாகத்தில் தவிக்கும். குழாய் கசிந்தாலோ அடியில் பரப்பிய உமி முழுக்க ஊறிவிடும். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் இது தெரியாது. ஒவ்வொரு குழாயையும் விரலால் தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊர் ஈரத்தில் உமியை மாற்றாமல் போட்டால் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அந்தக் காற்றைத்தான் எலி இரவும் பகலும் மூச்சிழுக்கிறது. முயல் ஒரு நாள் தின்னாமல் கிடந்தாலே குடல் இயக்கம் நின்றுபோகும் அபாயம் உண்டு. கினிப்பன்றிக்கு, நம்மைப் போலவே, வைட்டமின் சி உடம்பில் ஊறாது. தீவனத்தில் அது இல்லையென்றால் சில வாரங்களில் ஸ்கர்வி என்ற வைட்டமின் குறை நோய் வந்துவிடும்.

இதையெல்லாம் தினமும் செய்கிறவர் ஒரு பராமரிப்பாளர், பல இடங்களில் ஒப்பந்தக் கூலிக்கு. பஸ் நின்றால் அவரால் வர முடியாது. கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைச் சோதனைச்சாவடி அடைத்தால், அந்தப் பக்கத்துப் பாறசாலைக்காரர் இந்தப் பக்கம் வர முடியாது. அவருக்கு அனுமதிச்சீட்டு, வண்டி, முகக்கவசம், நோய் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு, அவர் இடத்தில் நிற்கப் பழகிய இன்னொருவர் ஆகியவற்றுக்கும் திட்டத்தில் இடம் வேண்டும். அவர் உயிரைப் பணயம் வைத்து எலியைக் காப்பாற்றுவதை நான் நெறிமுறை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2020இல் வெளிநாட்டு ஆய்வகங்கள் பலவற்றில், கவனிக்க ஆள் போதாது என்று சுண்டெலிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். நம் ஊரில் அது முதல் யோசனையாக இருக்கக் கூடாது. ஊரடங்குச் செய்தி வந்த அன்றே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். சுண்டெலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான், பிரிக்காமல் விட்டால் குட்டி பெருகிவிடும். புதிய ஆய்வைத் தொடங்க வேண்டாம், புதிதாக விலங்கு வாங்கவும் வேண்டாம். முடியும் தறுவாயில் இருக்கும் ஆய்வை முடிக்க முடியுமா என்று பாருங்கள், பாதியில் விட்டால் அந்த விலங்கு பட்ட வலிக்கு அர்த்தமே இல்லாமல் போகும். அப்புறமும் கொல்லத்தான் வேண்டுமென்றால், பயிற்சி பெற்றவர் கையால், கால்நடை மருத்துவர் ஒப்புதலோடு, காரணத்தைப் பதிவேட்டில் எழுதிச் செய்யட்டும்.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், தேவையற்ற வலியும் துன்பமும் ஆய்வுக்கு முன்பும், ஆய்வின்போதும், பின்பும் கூடாது என்கிறது. ஆய்வு நின்றுபோன நாட்களும் அதில் அடக்கம் என்றே நான் படிக்கிறேன்.

நம் மாவட்டம் சின்னது. நாகர்கோவில், தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம் என்று பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறோம். ஒரு கல்லூரியின் ஆள் வர முடியாத நாளில், அருகில் குடியிருந்து நடந்தே வரக்கூடிய இன்னொரு கல்லூரி ஆள் போய்ப் பார்க்கும்படி ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். 2017 ஒக்கிப் புயலில் மின்சாரம் இல்லாமல் பல நாள் கிடந்தோமே, அப்படிப்பட்ட சமயத்துக்கும் இது உதவும்.

கால்நடை மருத்துவர்களே, வெளியிலிருந்து வரும் பொது உறுப்பினர்களே, கல்லூரி நிர்வாகத்துக்கு அஞ்சாமல் கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். அடுத்த கூட்டத்தில் புதிய விண்ணப்பங்களை எடுப்பதற்கு முன்னால் இதைப் பேச வையுங்கள்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர் ஒருவர்,
தக்கலை