முதல் அறுப்புக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

பெரிய செயின்சா வந்து சேர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். 90 சிசிக்கு மேல் என்றால் அகலப் பலகை அறுக்கத் தாராளமாகப் போதும். எனக்குச் சங்கிலியைப் பற்றித்தான் யோசனை. கூட வந்தது மரத்தைக் குறுக்கே துண்டு போடுகிற சங்கிலி. அதன் பல் 30 பாகை அளவில் சாய்த்துத் தீட்டியிருக்கும். நீ நெடுக அறுக்கப் போகிறாய். அதற்கு 10 பாகை போதும், பலகையின் முகமும் வழவழப்பாக வரும். இருக்கிற சங்கிலியையே அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்தான், ஆனால் தனியாக ஒன்று வாங்கிவிடு. தீட்டும்போது இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பார், அதாவது சங்கிலி சுற்றி ஓடுகிற நீளத் தகடு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

பலகை ஒரே தடிமனில் வருவதற்கான மில் சட்டத்தைப் பாரில் மாட்டும்போது, நுனியில் பல்சக்கரம் இருக்கிற இடத்தில் பிடியை இறுக்கிவிடாதே, சக்கரம் சுற்றாது. சட்டமே சில அங்குலத்தைத் தின்றுவிடும். 36 அங்குல பார் இருந்தால் 30 அங்குல மரம் என்று கணக்கு வைத்துக்கொள். அந்த அகலத்துக்கு இயந்திரம் விடுகிற எண்ணெய் நுனிவரை எட்டாது. நுனியில் தனியாகச் சொட்டுகிற ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியைப் பொருத்திவிடு.

இனி முதல் அறுப்பு. மேலே பட்டையும் வளைவுமாக இருப்பதால் சட்டம் உட்கார நேரான தளம் வேண்டும். நெளியாத ஏணி ஒன்றை மரத்தின் மேல் கிடத்தித் திருகினால் போதும். இரண்டு முனையிலும் ரசமட்டம் வைத்துப் பார். முறுக்கு இருந்தால் அடியில் மெல்லிய மரச் சிம்பு கொடு. இங்கே அவசரப்பட்டால், இந்தத் தளத்தின் கோணல் அடுத்தடுத்த பலகை எல்லாவற்றிலும் இறங்கும். திருகாணி எவ்வளவு ஆழம் போகிறது என்றும் அளந்துகொள். வெட்டு வரியில் ஒன்று மாட்டினாலும் சங்கிலி போச்சு.

கார்புரேட்டரில் பெட்ரோல் சற்றுக் கூடுதலாகப் போகும்படி திருப்பி வை. நெடுக அறுக்கும்போது நிமிடக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். எரிபொருள் குறைந்தால் சூட்டில் பிஸ்டன் இறுகிவிடும். ஒவ்வொரு அறுப்பும் முடிந்ததும் சட்டென்று அணைக்காமல், கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிடு. காற்று வடிகட்டியில் தூள் அடையும், தட்டிக்கொண்டே இரு.

அப்புறம் ஆப்பு. வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்வாமலிருக்க, சங்கிலி கடந்துபோன இடத்தில் பின்னாலேயே செருகிக்கொண்டு போ. பிளாஸ்டிக் ஆப்பே நல்லது, தப்பித்தவறிப் பட்டாலும் பல்லுக்குச் சேதமில்லை. அடிமரத்தைச் சற்றுச் சரிவாகப் போட்டு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அறுத்தால் இயந்திரத்தின் எடையே உனக்கு உதவும், முதுகும் தப்பிக்கும்.

காதடைப்பான், கண்ணாடி, முகமூடி எல்லாம் போடு. மூடிய கொட்டகைக்குள் மட்டும் அறுக்காதே, புகை தலைக்கேறும்.

தூள் மாவாக விழ ஆரம்பித்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம், அழுத்தித் தள்ளாமல் நிறுத்தித் தீட்டு. முதல் பலகை வந்ததும் சங்கிலியைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு, பல்லைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா