சோம்நாத் ஹோர் படங்கள் வேலூருக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மரத்திலும் தகட்டிலும் செதுக்கி அச்செடுக்கும் அச்சோவியர் சோம்நாத் ஹோர் பற்றி ஞாயிறு மலரில் எழுதியிருந்தீர்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் பாதிக் கட்டுரை பதவி, பத்ம பூஷண் என்றே போய்விட்டது. அந்த விருதே அவர் இறந்த பிறகு 2007ல் கொடுத்தது. அவர் எதைப் பார்த்து வரைந்தார் என்பதல்லவா முக்கியம்?

1921ல், இப்போது வங்கதேசத்தில் இருக்கும் சிட்டகாங்கில் பிறந்தவர். 1942ல் அந்தப் பக்கம் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதில் செத்தவர்களையும் அடிபட்டவர்களையும் வரைந்தார், அடுத்த வருஷம் வங்கப் பஞ்சம் வந்தபோது ஓவியர் சித்தப்ரசாத்துடன் சேர்ந்து பசியில் கிடந்தவர்களின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து வரையப் பழகினார். அப்புறம் 1946ல் வங்கத்தின் ரங்பூர் பக்கத்துக் கிராமங்களில் தேபாகா என்ற விவசாயிகள் போராட்டம். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு உழுதவனுக்கு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. நிலக்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த விவசாயிகளையும் வயல்களையும் நோட்டில் வரைந்து குறிப்பெழுதி வைத்தவர், பிறகு மரத்திலும் செதுக்கி அச்செடுத்தார்.

எனக்குப் பெரிதாகப் படுவது 1970களில் அவர் செய்த 'காயங்கள்' வரிசை. களிமண்ணிலும் மெழுகிலும் தகடு செய்து, அதைக் கத்தியால் கீறி, சூடான கம்பியால் துளைத்து, அதிலிருந்து சிமென்ட் அச்சு வார்த்து, அதன்மேல் காகிதக் கூழை அழுத்தி எடுத்தார். மையே கிடையாது. வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே ஆறாத வெட்டு மாதிரி நிற்கும். மனித உருவம் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் யாருக்கோ பட்ட அடி என்று தெரிந்துவிடும். வியட்நாம் போரை நினைத்து அவர் செய்த தாயும் பிள்ளையும் வெண்கலச் சிலை, முடித்த கையோடு 1977ல் சாந்திநிகேதனிலிருந்து திருட்டுப் போனது, அதுவும் கொடுமை.

எங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வோம், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். போர் என்றால் என்னவென்று தெரிந்த குடும்பங்கள் இங்கே இருக்க, இந்தப் படங்களைப் பார்க்க டெல்லிக்கும் கொல்கத்தாவுக்குமா போக வேண்டும்? சென்னையில் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது, வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டும் பேசி ஒரு வாரம் கண்காட்சி வைக்கலாமே. அசல் கிடைக்காவிட்டால் நல்ல நகல் போதும், கூடவே பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்கு அச்செடுப்பதற்கான லினோ என்ற மெத்தென்ற தகட்டைச் செதுக்கிக் காட்ட ஒருவர் வந்தால் இன்னும் நல்லது. இதை உங்கள் பத்திரிகை எழுதிக் கேட்க வேண்டும், தேதி முடிவானால் ஒரு வாரம் முன்னாலேயே போடுங்கள், அப்போதுதான் கிராமத்து ஜனங்களும் வந்து பார்க்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.